கால் தள்ளுகிறதா, இழுக்கிறதா?

எங்கள் டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டர் லேபில் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் எல்லாத் திரையிலும் வானவில்தான். பாலம், தண்ணீர்த் தொட்டி, ஷெட்டு, எதை வரைந்தாலும் கடைசியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒரு படம் வரும். சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அந்த இடத்துத் தகைவு அனுமதித்த அளவுக்குள் இருந்தால் 'பாஸ்'. படத்தை எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நிறமில்லாத ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தாங்கியிலும் எவ்வளவு எதிர்விசை, அதாவது ரியாக்ஷன், வருகிறது என்று வெறும் எண்களாக. அதைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்க அழகாக இருக்காது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன் :-)

என்னைக் கேட்டால் முதலில் திறக்க வேண்டியதே அதைத்தான். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். நான் கடலூர்க்காரன், சிதம்பரத்தில் சிவில் படிக்கிறேன். இந்த இரண்டு ஊரையும் வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஒரு கட்டமைப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் சேரும் புள்ளிகளில் கணக்குப் போடுகிறோம். எந்தப் புள்ளி எவ்வளவு நகரும் என்பதுதான் கேள்வி. தாங்கி என்று நாம் குறித்த புள்ளிகள் நகராது என்று முன்பே சொல்லிவிட்டோம். ஆகவே அவற்றுக்கான வரிகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மற்றப் புள்ளிகளின் நகர்வை மென்பொருள் கண்டுபிடிக்கிறது. அதன் பிறகு ஓரமாக வைத்த வரிகளை மறுபடி எடுத்து, கிடைத்த நகர்வுகளை அவற்றில் போட்டு, "இந்தப் புள்ளி அசையாமல் இருக்க வேண்டுமென்றால் எவ்வளவு விசை வேண்டும்?" என்று கேட்கிறது. வருகிற விடைதான் எதிர்விசை.

கேள்வி அவ்வளவுதான். எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறதே தவிர, அதை யார் கொடுப்பார்கள், அவர்களிடம் அவ்வளவு இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. கல்யாணச் செலவை எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் 'பெண் வீட்டார்' என்று போட்டுவிடுவது மாதிரி.

இந்தப் பட்டியலால் கிடைக்கும் முதல் லாபம் கூட்டல். எல்லா எதிர்விசைகளையும் கூட்டினால் நாம் ஏற்றிய மொத்தச் சுமை வர வேண்டும். ஊரில் நிற்கிற ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டுமே 981 கிலோ நியூட்டன். கான்கிரீட்டின் எடை அதற்கு மேல். கால்களின் எதிர்விசையைக் கூட்டினால் 600தான் வருகிறது என்றால் தண்ணீரை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். 9,000 வந்தால் அலகில் குழப்பம், கிலோகிராமை நியூட்டன் என்றோ மீட்டரை மில்லிமீட்டர் என்றோ எங்கேயோ எழுதியிருக்கிறோம். வானவில் படத்தில் இது தெரியாது. சுமை பத்து மடங்கு ஆனாலும் படத்தின் நிறங்கள் அப்படியேதான் இருக்கும், ஓரத்தில் இருக்கும் அளவுகோலின் எண்கள் மட்டும் மாறும். அதை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் கூட்டல் சரியாக வந்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கவும் கூடாது. துண்டுகளை எவ்வளவு மோசமாக நறுக்கினாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். முறையின் இயல்பே அப்படி. மொத்தம் சரி என்பதால் உள்ளே நடப்பதும் சரி என்று ஆகிவிடாது. இதற்குப் பாடப்புத்தக உதாரணம் நார்வேயின் ஸ்லைப்னர் ஏ. 1991 ஆகஸ்ட் 23 அன்று, கடலில் எண்ணெய் மேடையைத் தாங்குவதற்காகக் கட்டிய அந்தப் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீரில் அமிழ்த்தியபோது ஒரு சுவர் பிளந்து மொத்தமும் மூழ்கியது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். சுவர்கள் சேரும் இடத்தில் துண்டுகள் சரியாக அமையாததால் வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது கணினி. விபத்துக்குப் பிறகு கவனமாகக் கணக்குப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை நல்ல முறைதான், விடையை வாசித்தவர்கள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். சுவரின் ஒரு நீளத்தை மட்டும் எடுத்து, அதன் மேல் வரும் தண்ணீர் அழுத்தத்தை இரண்டு முனைகளும் பாதிப் பாதி தாங்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதியிருந்தாலே ஒரு ஒப்பீடு கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு வேடிக்கை, கூட்டினால் பூஜ்ஜியம் வரும் எதிர்விசைகள். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயை இரண்டு பக்கமும் அசையாமல் பொருத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 800 சதுர மில்லிமீட்டர். காலையில் பொருத்தியது. மதியம் வெயிலில் 30 டிகிரி ஏறுகிறது. சுமை எதுவும் வைக்கவில்லை. ஆனால் இரும்பு நீளப் பார்க்கும், சுவர் விடாது. இந்தச் சுவரில் 58 கிலோ நியூட்டன், அந்தச் சுவரில் எதிர்த்திசையில் அதே 58. கிட்டத்தட்ட ஆறு டன். கூட்டினால் பூஜ்ஜியம். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. (நிஜத்தில் போல்ட் ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும், சுவர் கொஞ்சம் நெகிழும், இவ்வளவு வராது. இதுவும் மென்பொருளுக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பட்டியலில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி.

சிதம்பரம் நடராஜர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லின் மேல் கல், அதன் மேல் உத்திரம், அதன் மேல் பாவு கல். எல்லாம் எடையால் நிற்கிறது. அந்தத் தூண்களை ஒரு மாதிரியாக வரைந்து எதிர்விசைப் பட்டியலை எடுத்தால் எல்லாக் காலிலும் ஒரே குறி இருக்க வேண்டும், தரை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று. ஏதாவது ஒரு காலில் மட்டும் குறி மாறினால், தரை அந்தத் தூணைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். சும்மா வைத்த கல்லை எது இழுத்துப் பிடிக்கும்? அந்த இடத்தில் கல் தரையை விட்டு எழும்பும், அவ்வளவுதான். ஆனால் மென்பொருளில் 'ஃபிக்ஸட்' என்று ஒரு பட்டனைத் தட்டினோமே, அது தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும், முறுக்கினாலும் தாங்கும், அதுவும் எல்லையே இல்லாமல். அப்படி ஒரு தரை உலகத்தில் எங்கேயும் இல்லை. தள்ள மட்டும் தெரிந்த தாங்கி என்று சொல்லவும் மென்பொருளில் வசதி உண்டு. கல்லுக்கு அதைத்தான் போட வேண்டும்.

கோயிலுக்குக் கனம் இருக்கிறது, கவலையில்லை. கனமே இல்லாத கட்டடங்களுக்குத்தான் இந்தக் கழித்தல் குறி எமனாக வரும். கடலூரில் அப்படி ஒன்று என் சித்தப்பாவுடையது.

முதுநகரில், உப்பனாற்றுப் பக்கம், படகு இன்ஜின் ரிப்பேர் ஷெட்டு. 12 மீட்டர் அகலம். 4 மீட்டருக்கு ஒரு ஜோடி இரும்புக் கால், அதன் மேல் ட்ரஸ், மேலே சிமெண்ட் ஷீட்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த நாள். எனக்கு அப்போது ஏழு வயது. சித்தப்பா ஷெட்டில் ஷீட்டுகள் பெரும்பாலும் பறந்துவிட்டன. கால்களும் ட்ரஸும் நின்றன. ஷீட்டுப் போட்டவனைத் திட்டியும், கால் நட்டவரைப் புகழ்ந்தும் எங்கள் வீட்டில் இன்றுவரை பேச்சு உண்டு.

இந்த வருஷம் சித்தப்பா கூரையை மாற்ற முடிவு செய்தார். சிமெண்ட் ஷீட்டு வேண்டாம், வர்ணம் பூசிய இரும்புத் தகடு. கொக்கி போல்ட் வேண்டாம், தானே துளைத்து இறங்கும் ஸ்க்ரூ, அதுவும் நெருக்கமாக. "இனிமே எந்தப் புயல் வந்தாலும் ஒரு தகடு பறக்கக் கூடாது" என்றார். கால் பழைய கால், கடக்கால் பழைய கடக்கால். நான் படிப்பதால், "ஒரு தடவ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன்" என்று சொன்னார்.

போட்டுப் பார்த்தேன். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, 2015 பதிப்பு. நம் கடற்கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். இது 10 மீட்டர் உயரத்தில் 3 வினாடி வீச்சின் வேகம். இதை வைத்து அழுத்தம் கண்டுபிடிக்கப் பல காரணிகள் உண்டு, கடலோரம் என்பதால் கூட்டுகிற ஒன்றும் உண்டு, குறைக்கிறவையும் உண்டு. இங்கே கதை புரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் 1 என்று வைக்கிறேன். 0.6 பெருக்கல் 50 பெருக்கல் 50, சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன்.

காற்று கூரையை அழுத்தாது. சரிவு குறைந்த கூரை என்றால் உறிஞ்சும். காகிதத்தின் மேல் ஊதினால் காகிதம் மேலே எழும்புமே, அதே கதை. மேலே இருந்து உறிஞ்சல், உள்ளே புகுந்த காற்று கீழே இருந்து தள்ளல். இரண்டும் சேர்ந்து காற்று வருகிற பக்கப் பாதிக் கூரையில் 1.4 பங்கு, மறுபாதியில் 0.6 பங்கு. ஒரு ஜோடிக் காலுக்கு மொத்தம் 72 கிலோ நியூட்டன் மேல்நோக்கி. கூரை, ட்ரஸ் எல்லாவற்றின் எடையும் சேர்ந்து 12 கிலோ நியூட்டன். தகடு கனமே இல்லை பாருங்கள். மிச்சம் 60.

வானவில் படம் அருமையாக இருந்தது. ட்ரஸில் எங்கும் அளவு மீறவில்லை. நகர்வும் கொஞ்சம்தான். ரிப்போர்ட் என்றால் 'பாஸ்'.

எதிர்விசைப் பட்டியல்: காற்று வரும் பக்கத்துக் கால், கழித்தல் 37. மறுபக்கத்துக் கால், கழித்தல் 23. கூட்டினால் 60, கணக்கு சுத்தம். சுவரில் மோதும் பக்கவாட்டுக் காற்றை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் முதல் எண் இன்னும் மோசமாகும்.

ஆக ஒரு காலைத் தரை கிட்டத்தட்ட நான்கு டன் விசையோடு கீழே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தரையில் என்ன இருக்கிறது? ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டடி ஆழக் குழி, அதில் கான்கிரீட். கன மீட்டருக்கு 24 கிலோ நியூட்டன் என்று வைத்தால் எடை சுமார் 3 கிலோ நியூட்டன்தான். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பைக் கொஞ்சம் சேர்த்தாலும் 37 எங்கே, 3 எங்கே!

அப்படியானால் தானே புயலில் கால்கள் எப்படி நின்றன? அன்றைக்குக் காற்று தர நிர்ணயம் சொல்லும் அளவுக்கு வந்ததோ இல்லையோ, அதற்கு முன்பே ஷீட்டுகள் பறந்துவிட்டன. ஷீட்டு போன பிறகு காற்று பிடித்து இழுக்க எதுவும் இல்லை, வெறும் எலும்புக்கூடுதான் மிச்சம். ஷீட்டு பறந்ததால்தான் கால் தப்பியது. பதினைந்து வருஷமாக நாங்கள் திட்டிய கொக்கி போல்ட்தான் ஷெட்டைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது சித்தப்பா செய்யப் போவது, அந்த போல்ட்டை எடுத்துவிட்டு, காற்றின் முழு இழுப்பையும் பத்திரமாகக் கீழே கொண்டுபோய் ஒன்றரை அடிக் குழியிடம் ஒப்படைப்பது. தகடு பறக்காது. காலோடு சேர்ந்து ஷெட்டே பறக்கலாம். உள்ளே ஆள் இருந்தால்?

இதை நேரில் சொல்லப் போனபோது மேஸ்திரியும் இருந்தார். அறுபது வயதுக்காரர், அந்தப் பக்கத்தில் பாதிக் கட்டடம் அவர் கை வைத்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, ஷெட்டு கீழ எறங்காம இருக்கத்தான் கடக்கால் போடறோம். மேல போவாம இருக்கறதுக்கா?" என்றார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். யோசித்தால் நியாயமான கேள்வி. அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டியது செங்கல்லும் கான்கிரீட்டும். அந்தக் கட்டடங்களுக்கு மேலே போகிற ஆசையே வராது.

"பந்தக்கால் நடுறப்போ கயிறு கட்டி முளை அடிக்கிறீங்கள்ல, அது எதுக்கு மேஸ்திரி?" என்றேன். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப முளைய பெருசா அடிக்கணும்ங்கற" என்றார். நான் நாலு பக்கம் ரிப்போர்ட்டில் எழுதியது அவ்வளவுதான்.

எவ்வளவு பெரிசு என்பதில்தான் கடலூர் தன் வேலையைக் காட்டியது. நான்கடி சதுரத்தில் ஓரடி கனத்துக்கு ஒரு கான்கிரீட் பலகை, நான்கடி ஆழத்தில் புதைத்து மேலே மண் நிரப்பினால், கான்கிரீட்டும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணும் சேர்ந்து ஏறக்குறைய 33 கிலோ நியூட்டன் வருகிறது. பரவாயில்லையே, இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதுமே என்று தோன்றும். ஆனால் புயல் எப்போது வரும்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழை ஊற்றி நிலத்தடி நீர் தரை வரைக்கும் ஏறியிருக்கும் காலம். தண்ணீருக்குள் இருக்கும் கான்கிரீட் கன மீட்டருக்குப் பத்து கிலோ நியூட்டன் இலேசாகிவிடும், மண்ணும் பாதி எடையாகிவிடும். 33 என்பது 17, 18 என்று இறங்கிவிடுகிறது. கூரை அதிகமாக இழுக்கிற அதே நாளில்தான் நம்ம ஊர்த் தரை எடை குறைந்து நிற்கிறது. இதுவும் மென்பொருளுக்குத் தெரியாது. கான்கிரீட் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 வேறு, இப்படி எடையை நம்பி நிற்கும் இடங்களில் அந்த எடையில் 0.9 பங்கைத்தான் கணக்கில் எடுக்கலாம் என்கிறது.

மாணவன் கணக்கை நம்பிக் குழி தோண்ட முடியாது என்பதால், உரிமம் உள்ள ஒரு இன்ஜினியரிடம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என் வானவில்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்விசைப் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கினார் (சந்தோஷமாக இருந்தது). பக்கவாட்டுக் காற்றைச் சேர்த்தார். காலின் அடித்தகட்டில் இரண்டே போல்ட் இருப்பதைப் பார்த்து, "இத ஃபிக்ஸட்னு வச்சா ஏமாந்துருவோம், கீல் மாதிரி வை" என்றார். அப்படி வைத்ததும் அடியில் காட்டிய முறுக்கு காணாமல் போய், காலின் தலையில் ட்ரஸ் சேரும் இடத்துக்கு ஏறிக்கொண்டது. அந்த மூலைக்கு ஒரு சாய்வுத் தாங்கல் தேவை என்று வந்தது. அப்புறம் பலகையை ஐந்தடி சதுரமாக்கி, கால்களைத் தரை மட்டத்தில் ஒரு கான்கிரீட் உத்திரத்தால் ஒன்றோடொன்று கட்டி, அதன் மேல் மூன்றடிச் செங்கல் சுவரும் எழுப்பச் சொன்னார். உத்திரமும் சுவரும் அழகுக்கு இல்லை, எடைக்கு. கூரைச் செலவைவிடக் கீழ்ச்செலவு அதிகம் என்றதும் சித்தப்பா முகம் போன போக்கு!

கடைசியாக ஷெட்டின் கதவைப் பற்றிக் கேட்டார். கடல் பக்கம் பார்த்த பெரிய கதவு, படகை உள்ளே தள்ளும் அளவுக்கு. சுவரில் திறப்பு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் உள்ளே தள்ளும் காற்றுக்கு 0.2 பங்கு போதும். இருபது சதவீதத்தைத் தாண்டினால் 0.7. நான் கதவு மூடியிருப்பதாக வைத்துத்தான் 37 எடுத்திருந்தேன். அவர் முன்னாலேயே மாற்றிப் போட்டுக் காட்டினேன். 37 இருந்த இடத்தில் 55.

"புயல் அன்னிக்குக் கதவு மூடியிருக்குமா?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "கரைல கெடக்குற போட்ட எல்லாம் அன்னிக்குத்தான் சார் உள்ள இழுத்துட்டு வருவோம்."

அவர் 37-ஐ அடித்துவிட்டு 55 என்று எழுதிக்கொண்டார்.